பத்வா கேட்கப் போகுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எங்கட வாப்பா மௌத்தாகிட்டார். சொத்தை எப்படிப் பிரிக்கிறது?"

இப்படி ஒற்றை வரியில் எழுதி அனுப்பினால் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் எந்த முப்தியாலும் பதில் சொல்ல முடியாது. 1924இல் தொடங்கி, 2000ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட மார்க்க அறிஞர் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவுக்குக் கொழும்பில் தலைமையகமும் ஊர்கள்தோறும் கிளைகளும் இருக்கின்றன. மார்க்கத் தீர்ப்பு, அதாவது பத்வா, கேட்டு யாரும் போகலாம். ஆனால், பத்வா என்பது கேட்டவர் சொன்ன விபரத்துக்கான பதில். விபரம் பிசகினால் பதிலும் பிசகும். அந்தப் பிசகு ஒரு குடும்பத்தின் காணியிலோ கலியாணத்திலோ போய் விழும்.

வாரிசுரிமையில் இது நன்றாகத் தெரியும். மௌத்தானவருக்கு மனைவி, தாய், ஒரு மகன், இரண்டு மகள்மார் இருக்கிறார்கள். தகப்பன் முன்னரே மௌத்து என்று வையுங்கள். சொத்து 96 பங்கு. மனைவிக்கு எட்டில் ஒன்றாக 12, தாய்க்கு ஆறில் ஒன்றாக 16, மிச்சம் 68இல் மகனுக்கு 34, மகள்மாருக்குத் தலைக்கு 17. தாய் முன்னரே மௌத்தாகியிருந்தால் கணக்கே வேறு: 32 பங்கில் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்மாருக்குத் தலைக்கு 7. வாப்பா மௌத்தாகி 10 நாள் கழித்து அவருடைய தாய் கண்ணை மூடியிருந்தால்? தாயின் 16 பங்கு தாயின் வாரிசுகளுக்குப் போகும். மௌத்தானவரின் கூடப் பிறந்தவர்கள் அங்கேதான் கணக்குக்குள் வருகிறார்கள். "வாப்பாட உம்மாவும் இப்ப இல்லை" என்று மட்டும் எழுதினால் அந்த 10 நாள் மறைந்துவிடுகிறது. ஆகவே யார் யார் எந்தத் திகதியில் மௌத்தானார்கள் என்பதை முதலில் எழுதுங்கள்.

பிரிக்குமுன் கழிக்க வேண்டியவற்றை மறப்பது அடுத்த தவறு. ஜனாஸா அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு வஸிய்யத் என்ற மரண சாசனம். இதுதான் வரிசை. வஸிய்யத் மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது. மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றி வாரிசு ஒருவருக்கே அது செல்லாது. கணவன் மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் (மணக்கொடை) கடன்தான். நாற்பது வருடம் குடும்பம் நடத்திய பெண்ணின் மஹர் பாக்கியை ஒரு வரியில்கூடக் குறிப்பிடாமல் பங்கு கேட்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கிழக்கில் மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் முடித்து வைக்கும் வழக்கம் இருப்பதால் இன்னொரு சிக்கலும் வரும். வாப்பா உயிரோடிருக்கும்போதே காணி உறுதி எழுதி, வீட்டையும் கையளித்திருந்தால் அது மகளின் சொத்து, பாகத்துக்குள் வராது. "அந்த வீடு உனக்குத்தான்" என்று வாயால் சொன்னதோடு நின்றிருந்தால் அது இன்னும் வாப்பாவின் சொத்துதான். உறுதியின் பிரதி, யார் குடியிருந்தார், திறப்பு யார் கையில் இருந்தது என்பதையெல்லாம் சேர்த்தே கேள்வியை எழுத வேண்டும்.

பத்வாக் கடிதம் கிடைத்ததும் காணி பெயர் மாறிவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் இறங்குரிமைக் கட்டளைச் சட்டம் ஷரீஅத் பங்கை ஏற்கிறது. ஆனால் சொத்தைப் பெயர் மாற்ற நொத்தாரிசிடமும், தேவைப்பட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்கும் போகத்தான் வேண்டும்.

கணவன் சொல்லும் விவாகரத்தான தலாக் விடயத்தில் நடக்கும் பெரிய தவறு, ஆள் மாறிக் கேட்பது. மனைவியின் நானா (அண்ணன்) தொலைபேசியில் அழைத்து, "மச்சான் கோபத்தில் என்னமோ சொல்லிட்டார்" என்பார். அந்த "என்னமோ"வில்தான் சட்டம் முழுவதும் இருக்கிறது. 'தலாக்' என்று வெளிப்படையாகச் சொன்னால் நிய்யத்தை (மனதின் எண்ணத்தை) கேட்பதில்லை. "உங்கட ஊட்டுக்குப் போ" போன்ற மறைமுகச் சொல்லாக இருந்தால் கணவனின் நிய்யத்தைக் கேட்டாக வேண்டும். ஷாபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழிமுறையில்) எழுத்தும் மறைமுகச் சொல்லின் இடத்தில்தான் வைக்கப்படுகிறது. ஆகவே வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் பார்த்து மட்டும் முடிவு சொல்ல இயலாது. கணவன் தானே வந்து, சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல், சொன்ன திகதியோடும் முன்னர் எத்தனை தடவை சொன்னார் என்பதோடும் சொல்ல வேண்டும். இத்தா என்ற காத்திருப்புக் காலத்துக்குள் மனைவியை மீட்டுக்கொள்ளலாமா என்பது அந்தத் திகதியிலும் எண்ணிக்கையிலும் தங்கியிருக்கிறது.

விவாகரத்தைப் பதிந்து தருமாறு ஜம்இய்யாக் கிளையைக் கேட்டு மாதக்கணக்கில் அலைவதும் வீண். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி அது காதி நீதிமன்றத்தின் வேலை. கணவன் தலாக்குக்கு அறிவித்தல் கொடுப்பதும் மனைவி தான் கோரும் விவாகரத்தான பஸ்ஹுக்கு விண்ணப்பிப்பதும் காதியிடம்தான்; மேன்முறையீடு காதிகள் சபைக்கு. பள்ளிவாசல் நிர்வாகத் தகராறு என்றால் வக்பு சபை. ஒரு பிஸ்கட்டுக்கு ஹலால் சான்றிதழ் உண்டா என்ற கேள்வியும் ஜம்இய்யாவுக்குரியதல்ல. 2014 முதல் அந்தப் பணியைத் தனியான நிறுவனம் பார்க்கிறது.

கட்டாயத் தர்மமான ஸகாத்தில் தவறுவது பெரும்பாலும் கணக்கில்தான். ஸகாத் கடமையாகும் குறைந்த அளவான நிஸாப் 85 கிராம் சுத்தத் தங்கம். பவுன் 8 கிராம் என்பதால் பத்தரைப் பவுனுக்குச் சற்று மேல் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கையில் இருப்பது 22 கரட் என்றால் அதில் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும். 85 கிராம் சுத்தத் தங்கம் சேர ஏறத்தாழ 92.7 கிராம், அதாவது 11.6 பவுன் வேண்டும். 2.5 வீதம் என்பது சந்திர வருடத்துக்கு. ஜனவரி தொட்டு டிசம்பர் வரை கணக்கு வைக்கும் வியாபாரி 11 நாளுக்குரியதையும் சேர்த்தால் சுமார் 2.577 வீதம் ஆகும். அணியும் நகையைப் பற்றிக் கேட்கும்போது மத்ஹபைச் சொல்லாமல் விடாதீர்கள். வழக்கத்துக்கு மிஞ்சாமல் அணியும் நகைக்கு ஷாபிஈயில் ஸகாத் இல்லை, ஹனபியில் உண்டு. நாட்டில் பெரும்பாலோர் ஷாபிஈ என்றாலும் மேமன் சமூகத்தவர் ஹனபி.

நோன்பும் பெருநாளும் எப்போது என்று தீர்மானிக்க, பிறை 29 அன்று மஃரிபுக்குப் பிறகு கொழும்பு பெரிய பள்ளிவாசலில் ஜம்இய்யாவும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் கூடியிருக்கும். தலைப்பிறை கண்டவர் முதலில் முகநூலில் போட்டுவிட்டு அப்புறம் பள்ளிக்கு அறிவிப்பது பெரும் குழப்பத்தில் முடிகிறது. கண்ட உடனே கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள். சூரியன் இறங்கிய இடத்துக்கு இடப்பக்கமா வலப்பக்கமா, அடிவானத்திலிருந்து எத்தனை விரல் உயரம், கொம்புகள் எந்தப் பக்கம் பார்த்தன, கூட நின்றவர் யார் என்பதை மனதில் பதியுங்கள். பிறையின் ஒளிப்பக்கம் எப்போதும் சூரியன் இருக்கும் திசையில்தான் இருக்கும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே போன பிறகு கொம்பு கீழ்நோக்கித் தெரிந்தால் அது முகில் கீற்று, அல்லது விமானம் விட்டுப்போன புகைக்கோடு. இரண்டு மணி நேரம் கழித்தும் மேற்கே ஒரு புள்ளி பளிச்சென்று நின்றால் அது வெள்ளிக் கிரகமாக இருக்கலாம். கிளை உலமாக்கள் சாட்சிகளைத் தனித்தனியாக விசாரிப்பார்கள். அதைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொண்டு மனம் நோக வேண்டாம். ஷாபிஈயில் ரமழானுக்கு நேர்மையான ஒருவரின் சாட்சி போதும், நோன்புப் பெருநாளுக்கு இருவர் வேண்டும். ஒரு நாட்டின் நோன்பு அந்தச் சொல்லில் தங்கியிருக்கிறது.

ஒரு மௌலவி சொன்னது பிடிக்கவில்லை என்று கேள்வியில் ஒரு சொல்லை மாற்றி இன்னொருவரிடம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது பதில் அவருக்கு உதவாது. அது அவருக்கு நடந்ததைப் பற்றிய பதிலே அல்ல. முன்னர் கேட்டிருந்தால் அந்தப் பதிலையும் இணைத்து அனுப்புங்கள்.

பத்வாவை எழுத்தில் வாங்குங்கள். வாங்கியதும் நீங்கள் அனுப்பிய கேள்வியின் பிரதியை அதோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு தம்பியோ சகோதரியோ "இதில் என்ர பங்கு ஏன் இல்லை?" என்று கேட்கும்போது, அன்று ஆலிம்களிடம் என்ன சொல்லப்பட்டது என்பதைக் காட்ட வேறு கடதாசி இருக்காது.