எருமைக் கொம்பில் சவரக்கத்திப் பிடி: தகடு முதல் ரிவெட் வரை

மடக்குச் சவரக்கத்தியின் பிடி என்பது இரண்டு மெல்லிய தகடுகள். ஒரு முனையில் அவற்றுக்கு நடுவே கத்தியின் தண்டு (அலகை ஒட்டிய கூரில்லாத பகுதி), மறு முனையில் ஓர் ஆப்பு, இரண்டு இடத்திலும் துளைத்துப் போய், முனைகள் அடித்துக் குமிழாக்கப்படும் பித்தளை ஊசி, அதாவது ரிவெட். கத்தியை மடக்கும்போது தகடுகள் கொஞ்சம் விரிந்து கொடுத்து அலகின் முதுகைக் கவ்வ வேண்டும். எவ்வளவு அழகான கொம்பாக இருந்தாலும் இந்தக் கவ்வல் அமையாவிட்டால் கத்தி ஆடும். கூர் விளிம்பு பிடியிலேயே உரசி மழுங்கும்.

தகடு வாங்கும்போது ஒரே கொம்பிலிருந்து அடுத்தடுத்து அறுத்த இரண்டாகக் கேளுங்கள். ஒவ்வொன்றும் 160 மிமீ நீளம், 30 மிமீ அகலம், 3 முதல் 3.5 மிமீ தடிமன் இருந்தால் போதும். வெளிர் நிறக் கொம்பை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கொம்பு ஏடு ஏடாக வளர்வது. ஏடு பிரிந்த இடம் வெளிச்சத்தில் வெள்ளிக் கீற்றுபோல மின்னும். அந்தத் துண்டை விட்டுவிடுங்கள், பசை ஊற்றிக் காப்பாற்ற முடியாது. கறுப்புக் கொம்பில் ஒளி ஊடுருவாது. ஓரத்தை ஈரப்படுத்தி, கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

வாங்கிய தகட்டை வேலை செய்யும் அறையிலேயே இரண்டு மூன்று வாரம் கிடத்துங்கள். கொம்பு ஈரத்தை வாங்கும், விடும், அதற்கேற்ப நெளியும். நெளிந்ததைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டெடுத்து, இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே வைஸில் இறுக்கி, மறுநாள் வரை விட்டால் நேராகும். ஹீட் கன்னால் அவசரப்படுத்தினால் தீய்ந்த மயிர் வாடை வரும். அந்த வாடை வந்துவிட்டால் மேல் ஏடு ஏற்கெனவே கொப்புளித்திருக்கும்.

கண்ணாடிமேல் 120 எண் உப்புத்தாளை விரித்து உட்பக்கங்களைத் தட்டையாக்குங்கள். பிறகு இரண்டையும் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிவிடுங்கள். மிச்சமிருக்கும் வளைவு இரண்டிலும் எதிரெதிராக, கண்ணாடிப் பிம்பம்போல அமைய வேண்டும். ஒரே பக்கம் வளைந்தால் கத்தி நிச்சயம் ஒருபுறம் சாயும்.

வடிவத்தை முதலில் அட்டையில் வெட்டுங்கள். தண்டின் துளையிலிருந்து அலகின் நுனிவரை அளந்து, அதோடு 25 மிமீ சேருங்கள்: 5 மிமீ இடைவெளிக்கு, 20 மிமீ ஆப்புக்கு. குண்டூசியால் கத்தியை அட்டையில் பொருத்தி மடக்கிப் பாருங்கள். கூர் விளிம்பு அட்டையின் ஓரத்துக்கு 2 அல்லது 3 மிமீ உள்ளே அடங்க வேண்டும். ஊசித் துளையைச் சுற்றி எந்தப் பக்கமும் 4 மிமீக்குக் குறையாமல் கொம்பு மிஞ்சட்டும்.

வெளி வடிவம் அறுப்பதற்கு முன்பே துளை போடுங்கள். ஊசி 1.6 மிமீ பித்தளைக் கம்பி என்றால் துளை 1.65 அல்லது 1.7 மிமீ. கம்பி விரலால் தள்ளியே நுழைய வேண்டும், ஏனென்றால் அடிக்கும்போது அது உள்ளேயும் பருக்கும். துளை இறுக்கமாக இருந்தால் தகடு பிளக்கும். அடியில் மரத்துண்டு வைத்து, மெதுவாக, நடுநடுவே பிட்டை வெளியே எடுத்து ஆறவிட்டுத் துளையுங்கள். சூடேறினால் கொம்பு பிசினாகி பிட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தற்காலிக ஊசிகளைச் செருகி, கோட்டுக்கு 1 மிமீ வெளியே ரம்பத்தால் அறுத்து, மிச்சத்தை அரத்தால் எடுங்கள்.

வடிவம் வந்ததும் தகடுகளைப் பிரித்து, நடுவில் 2.2 முதல் 2.5 மிமீ வரை மெலிதாக்குங்கள். தடித்த தகடு விரிந்து கொடுக்காது; 2 மிமீக்குக் கீழே போனால் தொளதொளக்கும். 220, 400, 600, 1000, 2000 என்று ஈர உப்புத்தாளில் ஏறுங்கள். முந்தைய தாளின் கீறல் முழுதும் மறையாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். உட்பக்கத்தையும் இப்போதே மெருகேற்றுங்கள். பூட்டிய பிறகு அங்கே கை போகாது.

பெரும்பாலான பிடிகள் கெடுவது ஆப்பில்தான். தண்டின் தடிமன் 5 மிமீ என்றால், ஆப்பு கத்தியைப் பார்த்த பக்கம் 2.5 முதல் 3 மிமீ, கடைக்கோடியில் 1.5 முதல் 2 மிமீ எனச் சரிய வேண்டும். வெர்னியர் அளவியால் நான்கு மூலையும் அளந்து பாருங்கள். மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 0.1 மிமீ வித்தியாசம் இருந்தாலே தகடுகள் முறுக்கிக்கொள்ளும். ஊசி அடிப்பதற்கு முன் மிகச் சிறிய நட்டு போல்ட்டால் பூட்டி, கத்தி நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். ஆப்பைத் தேய்த்துத் திருத்த இதுதான் கடைசி வாய்ப்பு.

அலகை முழுதும் காகித டேப்பால் மூன்று நான்கு சுற்றுச் சுற்றிய பிறகே சுத்தியலைத் தொடுங்கள். ஆப்பு ஊசி முதலில், தண்டு ஊசி பிறகு. கம்பி இருபுறமும் அதில் மாட்டிய சிறு வாஷருக்கு மேல் 0.8 முதல் 1 மிமீ நீட்டியிருக்கட்டும். அதற்கு மேல் விட்டால் வளையும், குறைந்தால் குமிழ் வராது. உருண்டைத் தலைச் சிறு சுத்தியலால், கம்பியின் ஓரத்தை வட்டமாகச் சுற்றிச் சுற்றி, நகத்தால் தட்டும் அளவுக்கே தட்டுங்கள். பத்துத் தட்டுக்கு ஒருமுறை பிடியைத் திருப்புங்கள். தண்டு ஊசியில் ஒவ்வொரு முறையும் கத்தியை விரித்துப் பாருங்கள்; விட்ட இடத்தில் நின்றால் போதும். அதிகமாக இறுக்கியதைத் தளர்த்த ஊசியை அறுத்து எடுக்கத்தான் வேண்டும்.

எலும்பிலும் முத்துச்சிப்பியிலும் முறை இதேதான், பொறுமைதான் கூடுதல். இரண்டும் வளையாது, சிப்பியை நீர் சொட்டச் சொட்டத்தான் அறுக்க வேண்டும். இவற்றின் தூள் நுரையீரலுக்குக் கேடு, தூசிக்கான நல்ல முகக்கவசம் கட்டாயம். எண்ணெய்ப் பசையுள்ள மரங்களை அசிட்டோனால் துடைத்த பிறகே பூச்சு பிடிக்கும். ரோஸ்வுட் வகைகள் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது; எல்லை தாண்டி வரவழைக்குமுன் அனுமதி தேவையா என்று விசாரியுங்கள். தந்தமும் ஆமையோடும் வேண்டாம். தேன் நிறக் கொம்பு, மெருகேறினால், ஆமையோட்டுக்குக் குறைந்ததே அல்ல.

முடிந்த பிடியை நீரில் ஊறவிடாமல் துடைத்து வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு சொட்டு எண்ணெய் தேய்த்தால் கொம்பு வறண்டு ஏடு கிளம்பாது. மூடிய பெட்டியில் நெடுநாள் கிடக்கும் கொம்பை, கம்பளித் துணியைத் தின்னும் புழு அரிக்கும். ஓரத்தில் சிறு பள்ளங்கள் தென்பட்டால் உடனே வெளியே எடுத்து, ஊசித் துளைகளைச் சுற்றியும் பாருங்கள்.