நெல் ஊறல் நீரிலிருந்து ஃபெருலிக் அமிலத்தை மீட்டெடுக்கும் முறை

செங்குன்றத்துப் புழுங்கல் அரிசி ஆலைகளில் நெல்லை ஊறவைத்து வடிக்கும் மஞ்சள் நிற நீரில், மாவுச்சத்து, சர்க்கரை, உப்புகள் ஆகியவற்றோடு உமியிலும் தவிட்டிலும் இருந்து கரைந்து வந்த ஃபெருலிக் அமிலம் போன்ற ஃபீனால் சேர்மங்களும் உள்ளன. அழகுசாதனப் பொருள்களிலும் வெனிலா மணம் தரும் வெனிலின் தயாரிப்பிலும் பயன்படும் ஃபெருலிக் அமிலத்தை, சென்னை நகரம் குடிக்கும் புழல் ஏரிக்கு இவ்வளவு அருகில் வெறும் கழிவாக விடுவது எனக்குப் பெரும் இழப்பாகவே படுகிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ஊறல் நீரைத் தரை கழுவும் நீரோடும் பாய்லர் கழிவோடும் கலக்காமல், வடித்த அன்றே தனித் தொட்டியில் பிடிப்பதாகும். புளிக்க விட்டால் நுண்ணுயிர்கள் ஃபெருலிக் அமிலத்தை வினைல்குவையகால் என்ற வேறொரு சேர்மமாக மாற்றிவிடும். அதன் பிறகு எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் பயனில்லை. ஆகவே வெந்நீரில் சில மணி நேரம் ஊறவைக்கும் ஆலையின் நீரே, நாள்கணக்கில் குளிர்நீரில் ஊறவைத்த நீரைவிட இதற்கு ஏற்றது.

நீரை ஆறவைத்துத் துணியில் வடிகட்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து பிஎச் அளவை 3க்குக் கொண்டுவர வேண்டும். அந்நிலையில் ஃபெருலிக் அமிலம் மின்னூட்டமின்றி இருப்பதால், அடுத்த கட்டத்தில் பயன்படும் ரெசினில் (சேர்மங்களைத் தன்மேல் ஒட்டவைக்கும் செயற்கைப் பிசின் மணிகளில்) எளிதாக ஒட்டும். புரதத்தின் ஒரு பகுதியும் திரிந்து அடியில் படியும். தெளிந்த நீரை மீண்டும் நுண்வடிகட்டியில் வடிப்பதைத் தவிர்க்கக் கூடாது, ஏனெனில் மாவுத்துகள்கள் ரெசின் பத்தியை, அதாவது ரெசின் நிரப்பிய குழாயை, அடைத்துவிடும்.

எத்தனாலில் நனைத்து நீரில் அலசிய ஸ்டைரீன் வகை நுண்துளை ரெசினைக் கண்ணாடிப் பத்தியில் நிரப்பி, மணிக்கு ரெசின் கன அளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் நீரைச் செலுத்துக. வெளியேறும் நீர் 320 நானோமீட்டர் அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அவ்வப்போது அளந்து, அந்த அளவு ஏறத் தொடங்கியதும் நிறுத்துக. பின்னர் அமில நீரால் சர்க்கரையையும் உப்பையும் அலசி அகற்றி, 70 விழுக்காட்டு எத்தனாலால் சேர்மங்களைக் கழுவி எடுத்து, வெற்றிட ஆவியாக்கியில் 50 டிகிரிக்குக் குறைவாகச் செறிவூட்டலாம். எத்தனால் எளிதில் தீப்பற்றும். அதை வாங்கி வைக்க மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமமும் வேண்டும்.

நிறமாற்றத்தை அளக்கும் ஃபோலின் முறையில் கிடைக்கும் மொத்த ஃபீனால் அளவை மட்டும் நம்பி வருமானம் கணக்கிட வேண்டாம்; சர்க்கரையும் அதில் எண்ணைக் கூட்டிக் காட்டும். சேர்மங்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் எச்பிஎல்சி சோதனையே சரியான விடை தரும்.

ரெசினைக் கடந்த நீரில் கரிமச் சுமை பெரும்பாலும் அப்படியே இருப்பதால், அதன் அமிலத்தன்மையை நடுநிலையாக்கிக் காற்றில்லாச் செரிப்புக் கலனுக்கு அனுப்பிய பிறகே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்புக்கு உட்பட்டு வெளியேற்ற வேண்டும்.