ஏழு வெள்ளைக் கட்டைகள், ஏழு மோடுகள்: மேஜர் ஸ்கேலைச் சுருதியோடு கேட்டுப் பழகும் முறை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டு மாடியில் சனிக்கிழமைகளில் கீபோர்டு கற்க வரும் பிள்ளைகள் இரு வகையினர். தேவாலயப் பாடகர் குழுவில் வாசிப்பதற்காகக் கார்டுகளை, அதாவது பல சுரங்களை ஒன்றாக அழுத்தும் சேர்க்கைகளை, முதலில் கற்றவர்கள் ஒரு வகை. வாய்ப்பாட்டில் வர்ணம் வரை வந்துவிட்டு, பிறகு கீபோர்டைத் தொடுபவர்கள் மற்றொரு வகை. ஒரே ஸ்கேலை வேறு வேறு சுரங்களில் தொடங்கினால் கிடைக்கும் சுர வரிசைகளுக்கு மோடுகள் என்று பெயர். மோடு என்ற சொல் வந்தவுடன் முதல் வகையினர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், எங்கே தொடங்கினாலும் அதே வெள்ளைக் கட்டைகள்தானே, இதில் புதிதாக என்ன இருக்கிறது?" கேள்வி நியாயமானது. டி-யிலிருந்து மேல் டி வரை வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்துக் காட்டினால், காது அதனைச் சி மேஜரின் ஒரு துண்டாகவே எடுத்துக்கொள்ளும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். விடுபட்டுப் போவது கட்டை அன்று, அடியில் நிலையாக ஒலிக்கும் ஆதார நாதமாகிய சுருதி.

தொடங்குவதற்கு முன்

கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் எண் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பாடகரின் குரலுக்கேற்ப ஏற்றி வைத்த எண்ணை மாற்ற மறந்துவிட்டு, சுருதிப்பெட்டி பழுதாகிவிட்டது என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. அடுத்து, பியானோ ஒலியை விட்டுவிட்டு ஆர்கன் ஒலியைத் தேர்ந்தெடுங்கள். பியானோ ஒலியில் கட்டையை அழுத்தியே வைத்திருந்தாலும் நாதம் தேய்ந்து மறைந்துவிடும், ஆர்கனில் நிற்கும். கைப்பேசியில் தம்புராச் செயலி இருந்தால் இன்னும் நல்லது. அதில் ஒரு கட்டை என்றால் சி, இரண்டு கட்டை என்றால் டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி.

முதல் படி: இடைவெளிகளை எண்ணுதல்

அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு, கறுப்பையும் சேர்த்து எண்ணும்போது, இடையே உள்ள தூரம் அரைச்சுரம். அதைப்போல் இரு மடங்கு முழுச்சுரம். வெள்ளைக் கட்டைகளுள் ஈ-க்கும் எஃபுக்கும் இடையிலும், பி-க்கும் சி-க்கும் இடையிலும் மட்டுமே கறுப்புக் கட்டை இல்லை. ஆகவே அந்த இரண்டு இடங்களும் அரை, மற்ற ஐந்தும் முழு. சி-யிலிருந்து ஏறினால் முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை என்று வரும். இதுவே மேஜர் ஸ்கேல். நம் கர்நாடக இசைக் கணக்கில், ராகங்களுக்கு அடிப்படையான எழுபத்திரண்டு சுர வரிசைகளாகிய மேளங்களுள் இருபத்தொன்பதாவதாகிய தீர சங்கராபரணத்தின் சுரங்கள்.

இரண்டாம் படி: தொடக்கத்தை நகர்த்துதல்

இப்போது டி-யைத் தொடக்கமாகக் கொண்டு இடைவெளிகளை எண்ணுங்கள்: முழு, அரை, முழு, முழு, முழு, அரை, முழு. கட்டைகள் மாறவில்லை, ஆனால் அரைச்சுரங்கள் நிற்கும் இடம் மாறிவிட்டது. இதற்கு டோரியன் என்று பெயர். இவ்வாறே சி-யில் அயோனியன், ஈ-யில் ஃபிரிஜியன், எஃபில் லிடியன், ஜி-யில் மிக்சோலிடியன், ஏ-யில் ஏயோலியன், பி-யில் லோக்ரியன். பெயர்கள் பண்டைய கிரேக்க இனங்களையும் நிலங்களையும் குறிப்பவை என்றாலும், கிரேக்கர் அப்பெயர்களால் சுட்டிய அளவுகளும் இன்றைய மோடுகளும் ஒன்றல்ல. இடைக்காலத் தேவாலய இசை எட்டு மோடுகளை வைத்திருந்தது. அயோனியனையும் ஏயோலியனையும் அவற்றின் துணை மோடுகள் இரண்டோடு சேர்த்துப் பன்னிரண்டாக்கியவர் சுவிட்சர்லாந்து அறிஞர் கிளாரியானஸ், ஆண்டு 1547. பெயர்களை இன்றே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வாய்ப்பாடு கற்றவர்கள் இந்த இடத்தில் "இது கிரக பேதம்தானே" என்பார்கள். அதுவேதான், ஆதார சுரத்தை மாற்றி வேறொரு சுர வரிசையைப் பெறும் வழி. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற சுரப்பெயர்களை ஏற்று வட்டமாக நிற்கிறார்களே, அதற்குப் பின்னாலும் இந்தக் கணக்கே இருக்கிறது. குரல் குரலானால் செம்பாலை, துத்தம் குரலானால் படுமலைப்பாலை என்று ஒவ்வொரு சுரத்தையும் ஆதாரமாக்கி ஏழு பாலைகளை, அதாவது பழந்தமிழ் இசையின் ஏழு சுர வரிசைகளை, பெறுவார்கள். செம்பாலையை அரிகாம்போதி மேளமாகக் கொள்ளும் ஆய்வாளர்களின் வழியில் சென்றால், கீபோர்டில் ஜி-யைக் குரலாக வைத்துக்கொண்டு ஏறும்போது ஏழு பாலைகளும் வெள்ளைக் கட்டைகளிலேயே வரிசையாகக் கிடைக்கும்: ஏ-யில் படுமலைப்பாலை, பி-யில் செவ்வழிப்பாலை, சி-யில் அரும்பாலை, டி-யில் கோடிப்பாலை, ஈ-யில் விளரிப்பாலை, எஃபில் மேற்செம்பாலை.

மூன்றாம் படி: சுருதியை நிறுத்துதல்

எல்லாவற்றிலும் இதற்கே அதிக நேரம் கொடுங்கள். தம்புராவை இரண்டு கட்டையில் ஒலிக்கவிடுங்கள், அல்லது இடக்கைச் சுண்டுவிரலால் கீழ் டி-யை அழுத்தியபடியே இருங்கள். வலக்கையால் டி, ஈ, எஃப் என்று மெதுவாக ஏறி, ஒவ்வொரு கட்டையிலும் நின்று, அது கீழே ஒலிக்கும் டி-யோடு எப்படிச் சேர்கிறது என்று கேளுங்கள். எஃபில் ஒரு மென்மையான சோகம் தெரியும். அது சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரத்தைவிட அரைச்சுரம் கீழே நிற்கும் மூன்றாம் சுரம். பி-யில் அந்தச் சோகத்துக்கு நடுவே ஒரு வெளிச்சம் எழும்; அது ஆறாம் சுரமாகிய சதுசுருதி தைவதம். சி-யில் நின்றால், சற்று முன்பு வரை வீடாக இருந்த அந்த நோட்டு இப்போது வழியில் உள்ள ஓர் இடமாக, டி-க்குத் திரும்பச் சொல்லும் ஏழாம் சுரமாகிய கைசிகி நிஷாதமாக மாறியிருக்கும். அந்த மாற்றம் காதுக்குப் பட்டால் டோரியன் பிடிபட்டுவிட்டது. கரகரப்பிரியாவின் சுரங்களும் இவையே.

கார்டு பழகியவர்கள் தம்புராவுக்குப் பதிலாக டி மைனர், ஜி மேஜர் இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்கலாம். மிக்சோலிடியனுக்கு ஜி மேஜரும் எஃப் மேஜரும், ஃபிரிஜியனுக்கு ஈ மைனரும் எஃப் மேஜரும் பொருந்தும். லிடியனுக்கு இடக்கை எஃபை விடாமல் பிடித்திருக்க, மேலே எஃப் மேஜரும் ஜி மேஜரும் வரட்டும். எதிலும் சி மேஜர் கார்டை நடுவில் நுழைக்க வேண்டாம். நுழைத்தால் காது அங்கேயே போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு எழுப்புவது கடினம்.

நான்காம் படி: ஒரே ஆதாரத்தில் ஏழையும் வாசித்தல்

தொடக்கத்தை நகர்த்திக்கொண்டே இருந்தால் ஒரு மோடுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு தெளியாது. ஆகவே சி-யை ஆதாரமாக நிலைநிறுத்தி, கறுப்புக் கட்டைகளையும் சேர்த்துக்கொண்டு, ஏழையும் அதன்மேல் கட்டுங்கள். வரிசையைச் சற்று மாற்றி லிடியனில் தொடங்கினால் ஒரு பேரழகு புலப்படும்: ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு சுரம் மட்டும் அரைச்சுரம் இறங்கும்.

முதலில் பிரதி மத்திமத்தோடு, அதாவது எஃபுக்கு அடுத்த கறுப்புக் கட்டையோடு வாசியுங்கள். அது லிடியன், மேச கல்யாணி. அந்த மத்திமத்தை எஃபுக்கு இறக்கினால் அயோனியன், சங்கராபரணம். பி-யை அதன் கீழுள்ள கறுப்புக்கு இறக்கினால், நிஷாதம் கைசிகியாகி, மிக்சோலிடியன், அரிகாம்போதி. காந்தாரத்தை இறக்கினால் டோரியன், கரகரப்பிரியா. தைவதத்தை இறக்கினால் ஏயோலியன், நடபைரவி. இரண்டாம் சுரமாகிய ரிஷபத்தை இறக்கினால் ஃபிரிஜியன், தோடி. இனி இறக்குவதற்கு ஐந்தாம் சுரமாகிய பஞ்சமம் ஒன்றுதான் மீதி. அதையும் இறக்கினால் வருவது லோக்ரியன். பஞ்சமம் போய் அதன் இடத்தில் பிரதி மத்திமம் வந்து, இரண்டு மத்திமங்கள் அருகருகே நிற்பதால், பஞ்சமம் கட்டாயமான எழுபத்திரண்டு மேளங்களுக்குள் இதற்கு இடமில்லை. ஏழு மோடுகளுக்கு ஆறு மேளங்களே கிடைப்பதன் காரணம் இதுதான். பழைய கணக்கில் இதுவே செவ்வழிப்பாலை. இருமத்திமத் தோடி என்று இன்று சொல்வார்கள்.

மேளத்தின் பெயரைச் சொன்னேனே தவிர, ராகத்தைச் சொல்லவில்லை. ஃபிரிஜியனின் கட்டைகளை நேராக வாசித்துவிட்டுத் தோடி வாசித்தேன் என்று எந்த வித்துவானிடமும் சொல்லிவிடாதீர்கள். அசைவற்ற கட்டைகளில் கிடைப்பது தோடியின் எலும்பு மட்டுமே, சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் அங்கே இல்லை. மறுபுறம், எலும்பைப் பார்ப்பதிலும் பயன் உண்டு. எங்கள் ஊர்க் கோயிலில் ஓதுவார்கள் பாடும் அப்பரின் நமச்சிவாயத் திருப்பதிகத்துக்குப் பண், அதாவது பழந்தமிழ் ராகம், காந்தார பஞ்சமம். அது இன்று கேதாரகௌளையில் பாடப்படுகிறது, கேதாரகௌளையோ அரிகாம்போதியில் பிறந்தது. மிக்சோலிடியனை அன்னியமானது என்று நினைத்த பாடகர் குழுப் பையன் ஒருவன், மாலையில் ஒலிபெருக்கியில் அதைக் கேட்டு, அந்த நிஷாதத்தைக் கீபோர்டில் தானே கண்டுபிடித்துக் காட்டினான்.

ஐந்தாம் படி: கேட்டுக் கண்டுபிடித்தல்

இருவராகச் செய்யுங்கள். ஒருவர் சி சுருதியில் ஏதேனும் ஒரு மோடை வாசிக்க, மற்றவர் கட்டையைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். முதலில் காந்தாரத்தைக் கவனியுங்கள். உயர்ந்த அந்தர காந்தாரம் என்றால் மூன்றே வாய்ப்புகள்: மத்திமம் உயர்ந்திருந்தால் லிடியன், இல்லையெனில் நிஷாதத்தைக் கேளுங்கள், அது உயர்ந்த காகலியானால் அயோனியன், தாழ்ந்த கைசிகியானால் மிக்சோலிடியன். சாதாரண காந்தாரம் என்றால் ரிஷபத்துக்குச் செல்லுங்கள். ரிஷபம் உயர்ந்த சதுசுருதியானால் தைவதம் முடிவு செய்யும்: மேல் தைவதம் டோரியன், கீழ்த் தைவதம் ஏயோலியன். ரிஷபம் தாழ்ந்த சுத்த ரிஷபமானால் பஞ்சமம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஃபிரிஜியன், இல்லாவிட்டால் லோக்ரியன். டோரியனுக்கும் ஏயோலியனுக்கும் இடையில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அப்போது வாசிப்பவர் முழு ஸ்கேலையும் ஓட்டாமல், பஞ்சமத்திலிருந்து தைவதத்துக்கு ஏறி மறுபடி பஞ்சமத்துக்கே இறங்குவதை மட்டும் நான்கைந்து முறை வாசித்துக் காட்டினால் போதும்.