ஏரிக்கரையில் ஊர் நடைபாதை: அமைக்கும் முறையும் பேணும் முறையும்

ஏரிக்கரை என்பது மண்ணால் கட்டிய அணை. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காலை நடைக்கு இடம் தேடும் ஊர்கள் காற்றுக்காகவும் குளிர்ச்சிக்காகவும் இந்தக் கரையை நாடுவது இயல்பே. ஆயினும் கரைக்குக் கேடு செய்து போட்ட பாதை கரையோடு சேர்ந்தே சரியும் என்பதால், இங்குச் சொல்லப்படும் முறைகளில் கரையின் பாதுகாப்பு முதலிலும் நடப்பவரின் வசதி அதற்கு அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன.

முதலில் ஏரி யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏரி நீர் பாயும் பாசன நிலமான ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு மேற்பட்டிருந்தால் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடமும் அனுமதி பெற வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் ஊரின் நில விவரம் கொண்ட அ-பதிவேட்டையும் நில அளவை வரைபடமான புலப்படத்தையும் பார்த்து, சர்வேயரைக் கொண்டு எல்லையை அளந்து கல் நடுங்கள். ஆக்கிரமிப்பு தெரியவந்தால் ஊரார் தாமாக அகற்றப் புகாமல், அதற்கென 2007-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே துறையினரிடம் விட்டுவிடுவதே ஊர்ப் பகையைத் தவிர்க்கும். ஜனவரி 26 கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றினால், அனுமதிக்கு அலைவதற்கு அவகாசம் கிடைத்து, நீர் வற்றும் கோடையில் மண் வேலையைத் தொடங்கலாம்.

அந்தத் தீர்மானத்துக்கு முன்பே ஆயக்கட்டு விவசாயிகள், மாடு மேய்ப்பவர்கள், மீன் குத்தகை எடுத்தவர், துணி துவைக்க வருபவர்கள் ஆகியோருடன் கரை நெடுக ஒருமுறை நடந்து பாருங்கள். மாடுகள் தண்ணீருக்கு இறங்கும் தடத்தை அடைத்தால் அவை வேறோர் இடத்தில் கரையைச் சிதைத்து இறங்கும். எனவே அந்தத் தடத்தை அப்படியே விட்டு, சொரசொரப்பான கற்களைப் பதித்துக் கொடுப்பதே நல்லது. இவ்வாறு நடக்கையில் வேடியப்பன் என்று மக்கள் வழிபடும் நடுகல்லோ, பாதி புதைந்த எழுத்துக் கல்லோ கண்ணில் படக்கூடும். நடுகற்கள் மிகுந்த மாவட்டங்கள் இவை. கல்லை நகர்த்தாமலும் சிமெண்ட் பூசாமலும் பாதையை ஓர் அடி விலக்கிக்கொண்டு, தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள்.

இனிப் பாதை. இருவர் பேசிக்கொண்டே நடக்க ஐந்தடி அகலம் போதும். கரையின் மேல்தளம் அதைவிடக் குறுகலாக இருந்தால், சரிவை வெட்டி அகலப்படுத்தும் எண்ணமே வேண்டாம். துறைப் பொறியாளரின் மேற்பார்வையில் வெளிப்புறம் படிப்படியாக மண் அணைத்துத்தான் அகலப்படுத்த வேண்டும். மேல்தளத்தில் உள்ள புல்லையும் வேரையும் சுரண்டிய பின், களி கலந்த கிராவலை ஆறங்குல அடுக்காகப் பரப்ப வேண்டும். ஒவ்வோர் அடுக்கிலும் நீர் தெளித்து, ரோலர் ஏற முடியாத இடத்தில் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவும், விரலில் சேறாக ஒட்டாதிருக்கவும் வேண்டும். அதுவே ஈரத்தின் அளவு.

வாட்டத்தில், அதாவது நீர் வடியத் தளத்துக்குக் கொடுக்கும் சாய்வில்தான் பலரும் தவறுகிறார்கள். தார்ச்சாலையைப் போல நடுவை உயர்த்தி இருபுறமும் நீரை விட்டால், வெளிப்புற மண் சரிவில் ஓடும் நீர் முதலில் கோடு கிழித்து, அடுத்த மழையில் பள்ளம் பறித்து, பிறகு பாதையின் ஓரத்தையே தின்றுவிடும். ஏரி நீர் நிற்கும், கல் பாவிய உள்வாய்ப் பக்கம் முழுத் தளமும் சாயுமாறு, ஐந்தடி அகலத்துக்கு இரண்டங்குலம் தாழ்த்துங்கள். தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டியூப் இருந்தால் பத்தடிக்கு ஒருமுறை இதைச் சரிபார்த்துவிடலாம்.

பேவர் பிளாக் பதிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. திறப்பு விழாப் படத்துக்கு அது அழகுதான். ஆனால் அடியில் விழும் விரிசலையும் எலி வளையையும் மறைத்துவிடுகிறது, கிராவலோ அவற்றை மறுநாளே காட்டிக்கொடுத்துவிடும். உட்காரும் பலகைக்கு பர்கூர், ஜெகதேவிப் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் ஒதுக்கும் துண்டுக் கற்களைக் கேட்டுப் பாருங்கள். படிக்கட்டுக்கு மட்டும் பாலிஷ் முகத்தைக் கீழே வைக்க வேண்டும், ஈரத்தில் அது வழுக்கும்.

ஏரி நிரம்பினால் நீர் வழிந்தோடும் கோடியின் மேல் நடைபாலம் கட்ட வேண்டும் என்று கூட்டத்தில் எவரேனும் ஒருவர் கட்டாயம் கேட்பார். உபரி நீர் போகும் ஒரே வாசலில் தூண் நிறுத்தினால், மிதந்து வரும் முள்ளும் ஆகாயத்தாமரையும் அதில் சிக்கி நீர்மட்டத்தை உயர்த்தும். உயர்ந்த நீர் கரையின் தாழ்ந்த இடத்தைத் தேடி வழியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஏரி நீர் புகுந்து வண்டிகளை இழுத்துச் சென்றதைக் கண்டவர்கள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள். பாதை கோடிக்கு முன்பே முடியட்டும், அல்லது கரையிலிருந்து இறங்கி ஊர்ச் சாலை வழியாகச் சுற்றி வரட்டும். மதகைத் திறக்க வருபவருக்கும் வழி விட வேண்டும்.

நிழலுக்கான மரங்களைக் கரைமேல் நடக்கூடாது. பட்ட மரத்தின் வேர் மக்கியதும் அந்த இடம் குழாயாகி நீரை வெளியே கொண்டுபோகும். புங்கன், நாவல் போன்றவற்றைக் கரையின் வெளி அடிவாரத்திலிருந்து சில அடி தள்ளி நடுங்கள். சரிவுக்கு அருகம்புல்லும் வெட்டிவேரும் போதும். சீமைக்கருவேலத்தை அகற்றும்போது தூரோடு தோண்டிய குழியை அன்றே மண் இட்டு இறுக்கிவிட வேண்டும்.

தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கத்து ஏரிகளில் ராகி விளையும் காலத்தில் யானைகள் இறங்குவதுண்டு. அங்கே விடிந்த பின்பே நடக்க வேண்டும்; வனத்துறை எச்சரித்த நாள்களில் பாதையை மூடிவிடுங்கள்.

பராமரிப்புக்குப் பெரிய குழு தேவையில்லை. நூறு மீட்டருக்கு இரண்டு வீடு என்று பிரித்து, பொறுப்பாளரின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். இம்மாவட்டங்களில் தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை உண்டு என்பதால், மே மாதக் கடைசியிலும் செப்டம்பரிலும் புல் வெட்டி, வாட்டம் பார்த்து, பள்ளத்தில் கிராவல் இட்டு இடிக்க வேண்டும். பெருமழைக்கு மறுநாள் நடப்பவர்கள் பாதையை மட்டும் பாராமல் கரையின் வெளி அடிவாரத்தையும் பார்க்க வேண்டும். அங்கே கசியும் நீர் தெளிவாக இருந்தால், இடத்தைக் குறித்துக்கொண்டு கசிவு கூடுகிறதா என்று நாள்தோறும் கவனியுங்கள். கலங்கி வந்தால் கரையின் உள்மண் கரைகிறது என்று பொருள். அன்று நடைபாதையை மூடி, மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு, துறைப் பொறியாளரையும் தாசில்தார் அலுவலகத்தையும் உடனே அழைக்க வேண்டும். அவர்களின் தொலைபேசி எண்களை அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.