ஹெர்மன் ஆமைக்குத் தோட்டத்தில் தப்ப முடியாத அடைப்பு கட்டுவது எப்படி?

இங்கிலாந்தில் எங்கள் வீட்டுப் பின்தோட்டத்தில் ஒரு ஹெர்மன் ஆமை (தெற்கு ஐரோப்பாவின் சிறிய தரை ஆமை) வளர்கிறது. முதல் கோடையில் ஓர் அடி உயரத்துக்குப் பலகை அடித்து அதை விட்டிருந்தேன். ஒருநாள் ஆளைக் காணோம். மாலை வரை தேடி, வேலியோரச் சருகுக்குள் கண்டெடுத்தோம்.

எப்படிப் போனது என்று மறுநாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். நேராக மூலைக்குப் போனது. ஒரு முன்னங்கால் இந்தப் பலகையில், மற்றொன்று அந்தப் பலகையில். நகத்தால் பற்றிக்கொண்டு, பின்னங்கால்களை உந்தி நிமிர்ந்தது. விளிம்பில் தலை தெரிந்தது!

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு: நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே சொல்வது, ஐரோப்பாவில் முறையான சான்றிதழோடு வாங்கிய ஆமைகளுக்கு.

முதலில் இடம். நன்றாக வெயில் விழ வேண்டும். ஒரு பக்கம் நிழலும் வேண்டும். ஓர் ஆமைக்குக் குறைந்தது 8க்கு 4 அடி. பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது.

கயிறு கட்டிச் சுற்றளவைக் குறித்து, ஓர் அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டுங்கள். ஓரடிச் சதுர நடைபாதைக் கற்களை அதில் செங்குத்தாக, இடைவெளியில்லாமல் இறக்கி மண்ணை இறுக்குங்கள். சுவரடியில் தோண்டினாலும் கல்தான் தட்டுப்படும். மரத்தைப் புதைக்காதீர்கள், இந்த ஊர் மழைக்குச் சீக்கிரம் இற்றுவிடும்.

கல்லின் மேல், 9 அங்குல அகலப் பலகை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துங்கள். மொத்தம் 18 அங்குலம். முட்டுக்கட்டைகளை வெளிப்பக்கம் அடியுங்கள். உள்ளே இருந்தால் காலுக்குப் பிடி கிடைத்துவிடும். கிரியோசோட் என்ற தார் எண்ணெய் பூசிய பழைய மரம் ஆமைக்கு ஆகாது. கம்பிவலையும் வேண்டாம். அப்பால் புல் தெரிந்தால் ஆமை அதையே பார்த்து நாளெல்லாம் முட்டும், வலையைப் பிடித்து ஏறவும் செய்யும்.

இனி மூலை. நான்கு மூலையிலும், மேல் விளிம்பில் படுக்கை வாட்டத்தில் ஓரடி முக்கோணப் பலகை வைத்து ஆணியடியுங்கள். மேலே வந்தாலும் கூரையில் தலை இடிக்கும், இறங்கிவிடும். மற்ற விளிம்புகளில் 4 அங்குலப் பட்டையை உட்பக்கம் நீட்டி அடித்தால் போதும்.

பாறை, குடில், தண்ணீர்த் தட்டு எதுவும் சுவரிலிருந்து 2 அடிக்குள் இருக்கக் கூடாது. எல்லாம் ஏணிப்படிதான். ஏறி மல்லாந்து விழுந்த ஆமை, நிமிர முடியாமல் வெயிலில் கிடந்தால் உயிரே போய்விடும். எனக்கு இதுதான் பெரிய பயம்.

குட்டி ஆமை என்றால் காக்கை, எலி, நரிக்காகக் கம்பிவலை மூடியும் தாழ்ப்பாளும் கட்டாயம். கதவு வைக்காதீர்கள், நாம் தாண்டிப் போகலாம்.

பெருமழை பெய்த மறுநாள் சுற்றி வந்து அடிமண்ணைப் பாருங்கள். கல்லுக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால், அன்றைக்கே அடைத்துவிடுங்கள்.