மதுரையில் உட்கார்ந்தே ஷோரன்னர் வேலை பழகுவது எப்படி?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு நாடகத் தொடரை நடத்துகிறவர் பெரும்பாலும் எழுத்தாளர்தான், இயக்குநர் கிடையாது. ஷோரன்னர் என்பார்கள். கதையை உருவாக்குவார், எழுத்தாளர் குழுவை வைத்து எல்லா எபிசோடையும் எழுதி வாங்குவார், பட்ஜெட் பார்ப்பார், நடிகர் தேர்வில் இருப்பார், எடிட்டில் கடைசி முடிவு சொல்வார். எபிசோடுக்கு எபிசோட் இயக்குநர் மாறினாலும் தொடரின் குணம் மாறாமல் பார்த்துக்கொள்வது இவர் பொறுப்பு. நம் தினசரி சீரியல்களில் கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர், அதற்கு மேல் இயக்குநர், தயாரிப்பாளர், சேனல் ஆட்கள் என்று இந்த வேலை பிரிந்து கிடக்கும். ஓடிடி வந்த பிறகுதான் இங்கேயும் கொஞ்சம் மாறுகிறது. 2022ல் வந்த சுழல் தொடரின் முதல் சீசனை எழுதி உருவாக்கியவர்கள் புஷ்கர் - காயத்ரி, இயக்கியவர்கள் பிரம்மாவும் அனுசரணும்.

மதுரைக்கு இந்த வேலை புதிதும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் இங்கே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது நாடகம் எழுதியது, பாட்டு எழுதியது, பையன்களுக்குப் பாடமும் நடிப்பும் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அவரே. யாருக்கு எந்தக் குரல் எடுபடும் என்று தெரிந்த வாத்தியார் எழுதிய எழுத்து அது. நாம் பழகப்போவதும் அதுதான்: யாரை வைத்து, எந்த இடத்தில், எவ்வளவு பணத்தில் எடுக்கப்போகிறோம் என்பது தெரிந்து எழுதுவது.

படித்துவிட்டு மூடி வைப்பதற்காக இதை எழுதவில்லை. தலா 10 நிமிஷத்தில் 3 எபிசோட், இதைப் பயிற்சியாக எடுத்து முடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ளதெல்லாம் அந்தக் கணக்குக்குத்தான்.

முதலில், தொடருக்குத் தாங்குகிற களம்

சினிமாவுக்கு ஒரு பிரச்சினை தீர்ந்தால் போதும். தொடருக்கு ஒரு பிரச்சினை தீரும்போது அடுத்தது தானாகப் பிறக்க வேண்டும். அதனால் "என்ன நடக்கிறது" என்று யோசிப்பதற்கு முன்னால் "எங்கே நடக்கிறது, அங்கே தினமும் எதற்குச் சண்டை வரும்" என்று யோசியுங்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டையே எடுத்துக்கொள்வோம். அப்பா இறந்த பிறகு ஒரு கமிஷன் கடையை அக்காவும் தங்கையும் நடத்துகிறார்கள். மல்லிகை விலை நாளுக்கு நாள் மாறும், சில சமயம் காலையில் இருந்த விலை மதியம் இருக்காது. வெயில் காலத்தில் பூ கொட்டும், விலை விழும். பனிக் காலத்தில் வரத்து குறையும், முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் விலை எங்கேயோ போய் நிற்கும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து விவசாயிக்குக் கடைக்காரர் முன்பணம் கொடுத்திருப்பார், அந்தப் பணத்துக்காக அவர் வேறு கடைக்குப் பூ போட முடியாது. இதில் அக்காவுக்கு விவசாயியின் உறவு முக்கியம், தங்கைக்குக் கடையின் கடன் முக்கியம். பாருங்கள், இன்னும் கதையே யோசிக்கவில்லை, அதற்குள் பத்து எபிசோடுக்குச் சண்டை இருக்கிறது. இந்தக் களத்தை நீங்கள் எடுக்க வேண்டும் என்று இல்லை. கீழவாசல் ஜவுளிக்கடை, செல்லூர் தறி, ஒரு மினி பஸ், அரசு மருத்துவமனை வாசலில் இருக்கும் மருந்துக்கடை, எதுவானாலும் சரி. ஆனால் நீங்கள் போய் நின்று பார்க்கக்கூடிய இடமாக இருக்கட்டும். பூ மார்க்கெட் என்றால் விடியற்காலையில் போய், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், எடை போடும்போது யார் கண் எங்கே இருக்கிறது, பணம் எப்போது கை மாறுகிறது என்று பாருங்கள். அங்கே கேட்கிற ஒரு பேரத்தை வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்துவிட முடியாது.

தொடர் கையேடு

தொழிலில் பைபிள் என்பார்கள். எட்டுப் பத்துப் பக்கம் போதும். ஒரு வரியில் கதை, முக்கியமான ஆட்கள், ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், எதை மறைக்கிறார்கள், சீசன் எங்கே தொடங்கி எங்கே முடியும், ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு பத்தி. இதில் பலரும் விட்டுவிடுகிற ஒன்று, "இந்தத் தொடரில் இது நடக்காது" என்கிற பட்டியல். நம் பூக்கடைத் தொடரில் யாரும் கேமராவைப் பார்த்துத் தனியாகப் பேச மாட்டார்கள், வில்லன் என்று தனியாக ஒருவர் கிடையாது, வயதானவர்களை அழ வைத்து சீனை முடிக்க மாட்டோம். இதை எழுதி வைத்தால் நாளைக்கு இன்னொருவர் எழுதினாலும் தொடர் உங்களுடையதாகவே இருக்கும்.

எழுத்தாளர் அறை

எழுத்தாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து கதை பேசிப் பிரித்து எழுதுவதைத்தான் எழுத்தாளர் அறை என்பார்கள். தனியாக எழுதியே பழகியவர்களுக்குக் கஷ்டமான படி இதுதான், இதைத் தாண்டினால்தான் மற்றதெல்லாம். 2023ல் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கிய உரிமைகளில் ஒன்று, அறையில் குறைந்தபட்சம் இத்தனை எழுத்தாளர்கள் இருந்தாக வேண்டும் என்பது: 6 எபிசோட் வரை 3 பேர், 7 முதல் 12 வரை 5 பேர், அதற்கு மேல் 6 பேர். ஒரே ஆள் முழு சீசனையும் எழுதினால்தான் விதிவிலக்கு. உங்கள் பயிற்சிக்கு உங்களையும் சேர்த்து 3 பேர் போதும். மூன்று பேரும் ஒரே மாதிரி யோசிக்கிறவர்களாக இருந்தால் பிரயோஜனம் இல்லை. ஒருவர் குடும்பத்துப் பேச்சு நன்றாக எழுதுவார், ஒருவர் திருப்பம் யோசிப்பார், அப்படிப் பாருங்கள். பெண்கள் கதையை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து எழுதாதீர்கள், அக்கா தங்கை பேசிக்கொள்வதில் பாதி உங்களுக்குத் தெரியவே தெரியாது.

வேலை இப்படி: சின்ன அட்டைகளில் ஒரு அட்டைக்கு ஒரு சீன். அட்டையில் வசனம் வேண்டாம். இந்த சீனில் யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார், முடியும்போது என்ன மாறியிருக்கிறது, இந்த மூன்று மட்டும். மூன்றாவதுக்குப் பதில் இல்லை என்றால் அந்த அட்டையைச் சுவரில் ஒட்டாதீர்கள். 10 நிமிஷ எபிசோடுக்கு ஆறு ஏழு அட்டை வந்தால் அதிகம். டிவியில் அரை மணி நேர ஸ்லாட் என்றாலும் விளம்பரம், டைட்டில், முன்கதை எல்லாம் போக 20 முதல் 22 நிமிஷம்தான் கதைக்குக் கிடைக்கும், அதனால் நீளத்தை மதிக்க இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

அறையில் உங்கள் வேலை கேட்பதும் முடிவு சொல்வதும். ஒரு யோசனையை ஏற்கவில்லை என்றால் உடனே, காரணத்தோடு சொல்லுங்கள், "பார்க்கலாம்" என்று இழுத்தால் மறுநாள் அதே இடத்தில் மூன்று பேரும் நிற்பீர்கள். அப்புறம் எபிசோடைப் பிரித்துக் கொடுங்கள். எழுதி வந்ததைக் கடைசியாக ஒரு முறை நீங்கள் திருத்த வேண்டும், குரல் ஒன்றாக இருக்க. ஆனால் திருத்தினீர்கள் என்பதற்காக அவர் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போடக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கதை டிஸ்கஷனில் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிட்டு டைட்டிலில் பெயர் இல்லாமல் போனவர்கள் நம் ஊரில் நிறைய பேர். யாருக்கு என்ன பெயர், என்ன பணம் என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், நண்பர்களாக இருந்தாலும்.

எழுத்தில் இருக்கிற பணம்

ஸ்கிரிப்ட் முடிந்ததும் வண்ணப் பேனாக்களோடு உட்காருங்கள். ஒவ்வொரு சீனிலும் இடம், பகலா இரவா, எத்தனை பேர், கூட்டம் உண்டா, வண்டி, மழை, குழந்தை, மாடு, எல்லாவற்றையும் குறித்துத் தனிப் பட்டியல் போடுங்கள். பட்டியலைப் பார்த்தவுடனே பணம் எங்கே கரைகிறது என்று தெரிந்துவிடும்.

இங்கேதான் எழுதுகிறவரே நடத்துகிறவராகவும் இருப்பதன் அருமை. உதாரணமாக, அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று தங்கச்சி கூட்டத்தில் தொலைந்துபோகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வைகையில் நிற்கிற அந்தக் கூட்டத்தை உங்கள் பட்ஜெட்டில் உருவாக்க முடியாது, நிஜக் கூட்டத்தில் நடிகரை விட்டு எடுப்பது ஆபத்து. தயாரிப்பு பார்க்கிறவர் மட்டும் என்றால் சீனை வெட்டுவார், எழுத்தாளர் மட்டும் என்றால் சண்டை போடுவார். நீங்கள் இரண்டும் என்பதால் வேறு மாதிரி எழுதலாம்: அக்கா கடையில் தனியாக இருக்கிறாள், டிவியில் நேரலை ஓடுகிறது, தங்கச்சி போனில் "அக்கா, நான் எங்க இருக்கேன்னே தெரியலக்கா" என்கிறாள், சத்தத்தில் மீதி கேட்கவில்லை, லைன் கட்டாகிறது. அக்கா டிவிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடுகிறாள். ஒரு நடிகை, ஒரு அறை. எனக்கு முதலில் எழுதியதைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

இதே மாதிரி ஐந்து லொகேஷனை மூன்றாகக் குறையுங்கள், விடியற்காலை நாலு மணிக்கு மார்க்கெட்டில் நடக்கிற சண்டையைக் கடைக்குள் கொண்டுவாருங்கள். ஒரே இடத்தில் நடக்கிற மூன்று எபிசோடின் சீன்களையும் ஒரே நாளில் எடுக்கிற மாதிரி வரிசை போடுங்கள். அப்படி எடுக்கும்போது மூன்றாம் எபிசோடில் கையில் இருக்கிற கட்டு முதல் எபிசோடில் இருக்கக் கூடாது, அதற்குக் கண்டினியூட்டி பார்க்க ஒருவரைக் கண்டிப்பாக வையுங்கள்.

அனுமதி

திருமலை நாயக்கர் மகால் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களுக்குத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018ல் இருந்து செல்போனே கொண்டுபோக முடியாது, கோயிலுக்குள் நடக்கிற சீனைக் கதையில் இருந்து எடுத்துவிடுங்கள். தெருவில் எடுத்தால் மாநகராட்சி, போலீஸ் இருவரிடமும் முன்பே கேளுங்கள்.

குழந்தை நடித்தால் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளைப் படித்தே ஆக வேண்டும். மாவட்ட ஆட்சியர் அனுமதி, ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை, தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வைக்கக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கி வைப்பு. ஆடு மாடு நடித்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி. சின்னப் படப்பிடிப்புதானே என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஆட்களும் படப்பிடிப்பும்

மதுரைப் பேச்சு வேண்டும் என்றால் மதுரையில் தேடுங்கள். சுண்ணாம்புக்காரத் தெரு பக்கம் இருக்கிற நாடக நடிகர் சங்கத்தில் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைச் சந்திக்கலாம். ஒத்திகையே இல்லாமல், அன்றைக்கு மேடையில்தான் சந்திக்கிற சக நடிகரோடு விடிய விடிய நாடகம் நடத்துகிறவர்கள். அவர்கள் குரல் மேடைக்குப் பழகியது, கேமராவுக்குக் குறைக்கச் சொல்ல வேண்டியிருக்கும். நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுங்கள், மரியாதையான சம்பளம் கொடுங்கள்.

ஷூட்டிங்குக்கு முன் இயக்குநரோடு உட்கார்ந்து சீன் சீனாகப் பேசிவிடுங்கள்: இந்த சீன் கோபமா, கோபத்தை அடக்குவதா, யார் பக்கம் நாம் நிற்கிறோம். தளத்தில் நடிகரிடம் நேராகப் போய் நடிப்பு சொல்லாதீர்கள், எதுவானாலும் இயக்குநர் காதில் சொல்லுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் நடிகர் குழம்பிவிடுவார். வசனம் மாறினால் மாறிய பக்கத்தை வேறு வண்ணத் தாளில் அச்சடித்துத் தேதி போட்டு எல்லாருக்கும் கொடுங்கள், பழைய பக்கத்தை வைத்துக்கொண்டு யாராவது செட் போட்டுவிட்டால் அரை நாள் போய்விடும்.

எடிட்டில் மறுபடி எழுதுவது

முதல் கட் எடிட்டருடையது, அடுத்தது இயக்குநருடையது, அதற்குப் பிறகு நீங்கள். முதல் முறை கையில் பேனா இல்லாமல் முழுதாகப் பாருங்கள். அடுத்த முறை எங்கே கவனம் போனது என்று மட்டும் குறியுங்கள். சீனின் முதல் இரண்டு வசனமும் கடைசி இரண்டு வசனமும் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். டப்பிங் செய்வதாக இருந்தால் நடிகர் முதுகு காட்டுகிற ஷாட்டில் புது வசனம் வைத்துக் கதையின் ஓட்டையை அடைத்துவிடலாம்.

யாராவது "இந்த இடம் இழுக்குது" என்றால் அந்த இடத்தை உடனே வெட்டாதீர்கள். அதற்கு இரண்டு சீன் முன்னால் ஏதோ ஒரு தகவல் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். பார்க்கிறவர் சொல்கிற தீர்வு தப்பாக இருக்கலாம், அவருக்கு ஏற்பட்ட சலிப்பு தப்பாக இருக்காது.

வெளியே கொண்டுபோவது

யாரிடமும் கொடுப்பதற்கு முன் பதிவு செய்யுங்கள். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினராகிப் பதியலாம், அல்லது மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் பதியலாம். வெறும் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதி முடித்த வடிவத்துக்குத்தான் உண்டு, அதனால் "அக்கா தங்கை பூக்கடை" என்கிற ஒரு வரியை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தயாரிப்பு நிறுவனத்துக்கோ ஓடிடிக்கோ போகும்போது கையில் இருக்க வேண்டியது கையேடு, முதல் எபிசோடின் முழு ஸ்கிரிப்ட், எடுத்து முடித்த அந்த 3 எபிசோட், கூடவே ஒவ்வொரு எபிசோடுக்கும் என்ன செலவானது என்கிற ஒரு பக்கக் கணக்கு. கடைசியாகச் சொன்னதை மறந்துவிடாதீர்கள், புதிதாக வருகிற எழுத்தாளர்கள் அதைக் கொண்டுவருவது அபூர்வம்.