மேல்மண் போனால் திரும்பாது: காட்டிலும் வயலிலும் நாம் செய்யும் தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் மழையை மட்டும் நம்பிப் பயிர் செய்யும் எங்கள் மானாவாரிக் காட்டை, அதாவது புன்செய் நிலத்தை, பொக்லைன் வைத்துச் சமப்படுத்தினோம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளியதும் வேலை முடிந்தது, காடு மேசை மாதிரி ஆகிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். ஆடியில் நிலக்கடலை விதைத்தோம். வெட்டிய பக்கமும் வெளுத்தது, நிரவிய பக்கமும் வெளுத்தது. வெட்டும் படாமல் நிரவலும் படாமல் நடுவில் தப்பிய பத்தடிப் பட்டையில் மட்டும் செடி கரும்பச்சையாக நின்றது.

காரணம் பிறகுதான் புரிந்தது. மேட்டிலிருந்த நல்ல மேல்மண் முதலில் பள்ளத்துக்குள் போய்விட்டது. அதன்மேல் அடிமண் விழுந்து மூடிக்கொண்டது. ஒரே நாளில் மொத்தக் காட்டுக்கும் அடிமண் போர்த்திவிட்டோம். மேலே உள்ள அரையடி மண்ணை முதலில் வழித்து ஓரமாகக் குவித்து வைத்துவிட்டு, அடியைச் சமப்படுத்தி, குவித்ததைத் திரும்பப் பரப்பியிருக்க வேண்டும். வண்டி வாடகை இன்னும் சில மணி நேரத்துக்குக் கூடியிருக்கும், அவ்வளவுதான். காடு திருத்தப் போகிறவர்கள் தயவுசெய்து இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

கீழே எவ்வளவு ஆழத்துக்குப் போனாலும் மண்தானே என்கிற நினைப்பிலிருந்துதான் இந்தத் தவறு வருகிறது. சந்தேகமிருந்தால் கல் கட்டாத பழைய கிணற்றின் பக்கவாட்டைப் பாருங்கள். மேலே ஒரு சாணுக்கு வேர் ஓடிய, கொஞ்சம் கறுத்த மண். அதற்குக் கீழே இறுக்கமான செம்மண். பிறகு சரளை. அதற்கும் கீழே கையால் நெரித்தால் பொடியும் பாறை, கடைசியில் உளி வைத்தாலும் அசையாத பாறை. அடியிலிருந்து மேலே படித்துக்கொண்டு வந்தால் மண் பிறந்த கதை அப்படியே அங்கே இருக்கிறது. வெயிலும் மழையும் பாறையை விரிசல் விட வைக்கின்றன. தண்ணீர் அதன் தாதுக்களைக் கரைத்துக் களியாக மாற்றுகிறது. வேரும் கரையானும் மண்புழுவும் அதைக் கிளறி மக்கு, அதாவது மட்கிய இலைதழை, சேர்க்கின்றன. நிலம் சரிவா சமமா என்பதைப் பொறுத்து அந்த மண் தங்குகிறது அல்லது நழுவுகிறது. ஒரு சென்டிமீட்டர் மண் இப்படிச் சேர நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். பயிர் சாப்பிடுவது பெரும்பாலும் அந்த மேல் ஒரு சாணில்தான்.

அடுத்தது, நிறத்தை வைத்து மண்ணை எடைபோடுவது. 'கறுப்பு மண், சத்துள்ள மண்' என்று சொல்லியே பழகிவிட்டோம். கரிசல் கறுப்பாக இருப்பதால் அதில் மக்கு அதிகம் என்று அர்த்தமில்லை. நம் கரிசல் காடுகள் பலவற்றில் கரிமச் சத்து குறைவுதான். அதன் பலம், மான்ட்மோரில்லோனைட் வகைக் களி. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். இன்னொரு தப்பான பாடமும் உண்டு: கரிசல் எல்லாமே எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது என்பது. மகாராஷ்டிரத்துக்கு அது சரி. தக்காணத்து எரிமலைப் பாறை தமிழ்நாடு வரை வருவதில்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல், நைஸ் (gneiss) என்கிற பழைய வரிப்பாறையும் சுண்ணாம்பும் சிதைந்த பொருளில் உண்டானது. செம்மண்ணின் சிவப்பு இரும்புத் துரு. பாறைமேல் மெல்லிய போர்வையாகக் கிடக்கிற மண் அது, அதனால் இழப்பு அங்கே சீக்கிரம் உறைக்கும்.

கரிசல் காடு தட்டையாக இருக்கிறது, அங்கே மண் அரிப்பு ஏது என்று கேட்பார்கள். முதல் மழையை வெடிப்புகள் குடித்துவிடும், உண்மைதான். களி உப்பி வெடிப்பு மூடியதும் தண்ணீர் உள்ளே இறங்குவது வெகுவாகக் குறைந்துவிடும். அப்புறம் பெய்வதெல்லாம் லேசான சரிவிலேயே மண்ணை இழுத்துக்கொண்டு ஓடும். ஐப்பசியில் ஓடைத் தண்ணீர் டீ நிறத்தில் போவது அதனால்தான். மற்ற இடங்களில் மழை செய்வதைத் தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் மேடான தேரிக்காட்டில் ஆடிக்காற்று செய்கிறது. அங்கே பனையையும் முந்திரியையும் வெட்டிவிட்டு வெற்றிடமாகப் போடுவதுதான் பெரிய தவறு.

உங்கள் மண் என்ன வகை என்று அறிய, கண்ணாடிப் புட்டியில் பாதி மண், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடும், வண்டல் சில மணி நேரத்தில், களி மறுநாள்தான். மூன்று அடுக்கின் கனமும் வெளியிலிருந்தே தெரியும்.

இனி, அரிப்பு எங்கே தொடங்குகிறது என்பது. காட்டில் ஓடை விழுந்த பிறகுதான் நமக்குப் பதற்றம் வருகிறது. ஓடை கடைசிக் கட்டம். வெள்ளையடித்த மண் வீட்டுச் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் செம்புள்ளிகள் தெறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் தொடக்கம். பெரிய மழைத்துளி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. வெற்று மண்ணில் அது விழும்போது துகள்கள் பிய்ந்து இரண்டடி வரை எகிறுகின்றன. நுண்துகள்கள் மண்ணின் துவாரங்களை அடைத்து ஏடு கட்டுகின்றன. அதன்பின் தண்ணீருக்கு உள்ளே போக வழியில்லை, மேலேயே ஓடுகிறது.

ஒரு ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கன மேல்மண் போனால் 4 கன மீட்டர், அதாவது 5 டன்னுக்கு மேல். கண்ணுக்கு எதுவும் தெரியாது. இந்தியா முழுவதற்கும் சராசரியாக ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 16 டன்னுக்கு மேல் மண் பெயர்கிறது என்று 1983-இல் கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்.

அதனால்தான் சித்திரை வைகாசியில் ரோட்டவேட்டர் (டிராக்டரில் பூட்டும் சுழல் கலப்பை) போட்டு மண்ணை மாவாக்குவது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கோடை உழவு நல்லது. ஆனால் அது கட்டி கட்டியாகக் கிடக்க வேண்டிய உழவு. கட்டிகளுக்கு இடையில்தான் மழை நிற்கும். சோளத்தட்டையையும் தாளையும் கொளுத்திவிட்டு, மிச்சத்தை மாவாக்கிவிட்டால், கோடை இடிமழை விழும்போது தடுக்க எதுவுமே இல்லை.

சரிவோடு உழுவதும் அப்படித்தான். காட்டின் நீளவாக்கு சரிவோடு இருந்தால் டிராக்டர் திருப்புவது குறையும், டீசல் மிச்சம். ஆனால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால் ஆகிவிடும். சரிவுக்குக் குறுக்கே உழுதால் அதே சால்கள் குட்டி வரப்புகள். நீலகிரியில் உருளைக்கிழங்கு, கேரட் பாத்திகளை மேலிருந்து கீழாக இறக்குகிறவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு: தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். அதற்கு, சரிவுக்குக் குறுக்கே லேசான வாட்டத்தோடு பாத்தி இட்டு, ஓரத்தில் புல் வளர்த்த வடிகாலில் சேர்ப்பது ஒரு வழி. தண்ணீரும் நிற்காது, மண்ணும் போகாது.

வரப்பு போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, வரப்புப் புல்லுக்குக் களைக்கொல்லி அடிக்காதீர்கள். இப்போது எல்லா ஊரிலும் இது பரவிவிட்டது, பார்க்க வரப்பு சுத்தமாக இருக்கிறது. புல் கருகி, வேர் மக்கி, அடுத்த பெருமழையில் வரப்பு கரைந்து உட்காரும். அரிவாளால் அறுத்து மாட்டுக்குப் போடுங்கள், வேர் இருக்கட்டும். அருகம்புல் வயலுக்குள் ஏறும் என்ற பயம் இருந்தால் வெட்டிவேர் வையுங்கள். அது பக்கவாட்டில் ஓடாது, வேர் 10 அடி வரை நேராக இறங்கும், தூர்கள் நெருங்கி ஓடிவரும் மண்ணை வடிகட்டி நிறுத்தும். மானாவாரிக்குக் கொழுக்கட்டைப் புல்லும் நல்லது, ஆடு மாடு விரும்பித் தின்னும்.

இரண்டாவது, வரப்புக்கு ஒரு வாய் வேண்டும். மிச்சத் தண்ணீர் வெளியேறத் தாழ்ந்த இடத்தில் வழிவிட்டு, அங்கே கல் அடுக்குங்கள். வாய் இல்லாத வரப்பு தண்ணீரைத் தேக்கித் தேக்கி ஓரிடத்தில் உடையும். உடைந்த இடத்தில் விழும் பள்ளம், வரப்பே இல்லாமல் இருந்தால் போகிற மண்ணைவிட அதிகம் கொண்டுபோய்விடும்.

மரம் நட்டால் போதும் என்பதையும் முழுதாக நம்ப வேண்டாம். தேக்கின் அகன்ற இலையில் சிறு துளிகள் சேர்ந்து பெருந்துளியாகிச் சொட்டும். உயரத்திலிருந்து விழுவதால் அடியும் பலமாக விழும். தரையில் சருகு இருந்தால் தாங்கிக்கொள்ளும். சருகைக் கூட்டிக் கொளுத்திய தோப்பில் வேர்கள் வெளியே தெரிவதைப் பார்க்கலாம். தென்னந்தோப்புக்கும் இதேதான், மட்டையையும் சருகையும் அங்கேயே போடுங்கள்.

அடுத்த பெருமழையில் குடையோடு போய் உங்கள் காட்டின் கடைசி வரப்பு வாய்க்குப் பக்கத்தில் நில்லுங்கள். வழிகிற தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துத் திண்ணையில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அடியில் எத்தனை விரல் மண் தங்கியிருக்கிறது என்று பாருங்கள். தேதி எழுதிக்கொள்ளுங்கள். வரப்பைச் சரிசெய்து, உழவுத் திசையை மாற்றியபின் அடுத்த ஐப்பசியில் அதே டம்ளரில், அதே இடத்தில் பிடித்துப் பாருங்கள்.